வவ்வால் கோட்டையில் கல்லாய் நின்ற தங்கை

ஞாயிறு காலை 10.10. உத்திரமேரூர் பஜாரில் என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரை உள்ளிருந்தபடியே தரைவரைக்கும் இழுத்துவிட்டுப் பயணம் கிளம்பினேன். ஒரு பாட்டில் தண்ணீர், டிபன் பாக்ஸில் நாலு இட்லி, காதில் ஹெட்செட். மூட்டை முடிச்சு அவ்வளவுதான். போகவேண்டிய இடம் வவ்வால் கோட்டை, பாதாளம் மூன்றாம் தளம். எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் இருபத்தெட்டு கிலோமீட்டர். இந்தக் கோட்டை என் நாற்காலியிலிருந்து ஒன்றரை அடி, அதாவது மானிட்டர் இருக்கும் இடம்வரை. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் ஒருமுறை போய்விட்டு வந்து கேட்கட்டும், அப்போது பதில் சொல்கிறேன்.

போகாதவர்களுக்காக அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இணையத்தில் ஆடுகிற ஆட்டம். மலை, கடல், காடு, சந்தை, சத்திரம் எல்லாம் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே உலாவுவார்கள். என் உருவம் வில் வைத்திருக்கும் ஒரு வீராங்கனை, ஆறடி உயரம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற சபீனாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவள் கீழே விழுந்தால் எனக்கு முட்டி வலிக்கும்.

என் தங்கை நஸ்ரின் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். போய் நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்று பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோகும். ஆட்டத்துக்குள் போய்விட்டால் அப்படி இல்லை. நாலு மணி நேரம் சேர்ந்து காட்டில் நடப்போம், ஓநாய்க்கு அம்பு விடுவோம், நடுநடுவே அவள் சூப்பர்வைசரைத் திட்டுவோம், சும்மா ஒரு பாறைமேல் உட்கார்ந்திருப்போம். மூன்று வருஷமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கழிகிறது.

போன ஞாயிறு வவ்வால் கோட்டையின் அடித்தளத்தில் சமாதிக் கூடத்துக்குள் இருவரும் காலடி வைத்த நேரத்தில் ஒரு பெரியவர் கடைக்கு வந்துவிட்டார். ஷட்டரைத் திறந்து வைத்திருந்தது என் புத்தி. ஆதார் அட்டை, முன்னும் பின்னும் ஒரே தாளில், நாலு காப்பி. எழுந்து போனேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேய்க் காவலர்களும் எழுந்துவிட்டார்கள். என் வீராங்கனை வாயைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றிருக்கிறாள். நஸ்ரின் ஓடியிருக்கலாம், வாசல் பத்தடி தூரம்தான். அவள் ஓடவில்லை. பேய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நடுக்கூடம்வரை போய் அங்கே விழுந்துவிட்டாள்.

அந்தக் கோட்டையில் விழுந்தவர்கள் அந்த இடத்திலேயே கல்லாகி நிற்பார்கள். ஏழு நாளைக்குள் கூட்டாளி ஒருவர் வந்து தலையில் உயிர்நீர் ஊற்றினால் எழுந்திருக்கலாம். ஊற்றாவிட்டால் கல் உதிர்ந்து உருவமே அழிந்துபோகும். மூன்று வருஷ உழைப்பும் அதோடு போச்சு. கெடு இன்று மாலை மூன்று மணி. வாரம் முழுக்க அவள் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “போச்சுன்னா போவட்டும் க்கா. இன்னொரு தபா மொதல்லருந்து ஆரம்பிக்கிற தெம்பு எனக்கு இல்ல. ஞாயித்துக்கெயம சும்மா தூங்கிக்கிறேன்” என்றாள். எட்டு ரூபாய் ஜெராக்ஸுக்காகத் தங்கையைக் கல்லாக்கியவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

10.35. கோட்டை அடிவாரத்துச் சந்தையில் என் வழித்துணைகள் இருவரும் காத்திருந்தார்கள். ஒருவர் டில்லிபாபு. திருப்புலிவனத்தில் இரண்டு ஏக்கர் நெல். பட்டா நகல் எடுக்கக் கடைக்கு வந்தவர், என் திரையைப் பார்த்துவிட்டு, “க்கா, நீங்களும் இந்த ஊருதானா?” என்று கேட்டு அறிமுகமானவர். ஆட்டத்தில் அவர் வைத்தியர், மந்திரம் சொல்லிக் காயம் ஆற்றுவார். இன்னொருவர் அவர் மனைவி கௌரி. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை, ஆறு நாளும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர். ஆட்டத்தில் தலை முதல் கால்வரை இரும்பு போர்த்திய கேடயக்காரி. அவர் நடந்தாலே மானிட்டர் அதிரும்.

“எங்க கீறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டேன்.

“நா வூட்லதான் கீறேன். அவுரு மோட்டார் கொட்டாய்ல, போன்ல ஆடறாரு. த்ரீ பேஸ் கரண்டு வந்துக்கீது, தண்ணி பாஞ்சிக்கினு கீது” என்றார் கௌரி.

“நீங்க கவலப்படாதீங்க க்கா, மட மாத்தறதுக்கு ஒரு பத்து நிமிசம் மட்டும் எய்ந்து போவேன்” என்றது டில்லிபாபுவின் குரல். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. போன வாரம் எழுந்துபோனவள் நான், அவரைக் குறை சொல்ல எனக்கு ஏது யோக்கியதை.

11.00. உயிர்நீர் ஒரு குப்பி தொள்ளாயிரம் பொற்காசு. ஒரு கூட்டத்துக்கு ஒருநாளைக்கு ஒரு குப்பிதான் விற்பார்கள், வாங்கியவர் கையைவிட்டு அது மாறாது. சந்தையில் அதை விற்பது பச்சைத் தொப்பி போட்ட ஒரு கிழவன். பஜாரில் பிறந்து வளர்ந்த வாய் சும்மா இருக்குமா, அறுநூறு போட்டுக்கொடுங்கள் என்று தட்டிப் பார்த்தேன். அவன் இயந்திரம், சிரித்தபடியே தொள்ளாயிரம் என்றான். ஒரே விலைக் கடையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்கினேன் என்று கௌரி கடிந்துகொண்டார். கூடவே ரொட்டி பத்து, ஒன்று மூன்று காசு வீதம். ரொட்டி தின்றால் கொஞ்சம் உயிர் ஏறும். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியதுதான்.

11.20. சந்தையிலிருந்து கோட்டை வாசல் இரண்டு கிலோமீட்டர், குதிரையில் ஆறு நிமிஷம். வெளிப்பார்வைக்குக் கோட்டை நன்றாகவே இருந்தது. சுவரெல்லாம் கொடி, மூலைக்கொரு கோபுரம், பாதி இடிந்த பாலம். வாசலுக்குள் நுழைந்ததும் தலைக்குமேல் ஆயிரக்கணக்கில் வவ்வால்கள். ஆட்டத்தைச் செய்தவர்கள் அதற்கு வைத்திருப்பது ஏதோ வாயில் நுழையாத பெயர். வவ்வால் கோட்டை என்பது டில்லிபாபு வைத்தது, எங்களுக்கு அதுவே நிலைத்துவிட்டது.

இதற்குள் நஸ்ரினும் ஹெட்செட்டில் சேர்ந்துகொண்டாள். துபாயில் அப்போதுதான் காலை பத்து மணி ஆகப்போகிறது. கல்லாகிவிட்டவளுக்குத் திரையில் சாம்பல் நிறம் ஒன்றுதான் தெரியும், கையைக் காலை அசைக்க முடியாது. வாய் மட்டும் கல்லாகவில்லை.

“படிக்கட்டு அறுவத்திநாலு க்கா. நாப்பதாவது படி ஒடஞ்சிக்கினு கீது, தாண்டணும்.”

“தெரியும்டி, நானும்தானே வந்தேன்.”

“வந்த. போன வாரம் நாப்பதுல வியுந்தவ யாரு?”

நான்தான் விழுந்தேன். இந்த முறை எண்ணிக்கொண்டே இறங்கி அவசரத்தில் முப்பத்தெட்டிலேயே தாண்டிவிட்டேன், அதனால் நாற்பதிலேயே போய் விழுந்தேன். டில்லிபாபு மந்திரம் சொல்லிக் காலைச் சரியாக்கினார். அவர் மந்திரம் சொல்லும்போது கோயில் மணி அளவுக்குச் சத்தம் வரும், வவ்வால்கள் எல்லாம் கலைந்து பறந்தன.

முதல் தளம் சமையல்கூடம். தானாகவே சுழலும் கத்திகள், கொதிக்கும் அண்டா. கௌரி கேடயத்தைத் தூக்கிப் பிடித்து முன்னே போக, நாங்கள் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடந்தோம். “வாரம் பூரா மிசின்கிட்ட நிக்கறவளுக்கு இது ஒரு கத்தியா?” என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சுக்குத் தைரியமாக இருந்தது. இரண்டாம் தளம் சிறைக்கூடம். எலும்புக்கூடுகள் கம்பி வழியாகக் கையை நீட்டும், நடுவாக நடந்தால் ஒன்றும் செய்யாது. மூன்றாம் தளத்துக்கு இறங்கியபோது மணி 12.15.

சமாதிக் கூடத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். நீளம் நாற்பது தப்படி. நடுவில் அந்தக் கோட்டை ராஜாவின் சமாதி, கருங்கல் மேடை, தலைமாட்டில் ஒரு விளக்கு எரிகிறது. சுவரோரமாக இருபுறமும் ஆறு ஆறு நாற்காலி, அதில் கவசம் போட்ட காவலர்கள் தலை தொங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தரையெல்லாம் முனை முனையாகக் கல். சமாதிக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், இரண்டு கையையும் விரித்து யாரையோ மறித்தபடி ஒரு சாம்பல் சிலை நிற்கிறது. போன வாரம் பதற்றத்தில் வெளியே ஓடியதில் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போதுதான் நின்று பார்த்தேன்.

“பாத்துட்டியா க்கா? நா எப்டி கீறேன்?”

“அயகாத்தான் கீற. சும்மா இரு” என்றேன்.

இந்தக் கூடத்தைக் கடப்பது பற்றி வீடியோ போட்டவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: எட்டுப் பேராவது வேண்டும், சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும். நாங்கள் மூன்று பேர். கௌரி பேய்களின் வெட்டையெல்லாம் வாங்கிக்கொள்வது, டில்லிபாபு அவருக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பது, நான் குப்பியோடு ஓடுவது என்று திட்டம். கௌரி இரும்பு பூட்ஸோடு தடதடவென்று நாலடி உள்ளே வைத்தார். பன்னிரண்டு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. மூன்று வெட்டில் அவர் உயிர் பாதி போய்விட்டது. விழுந்தடித்து வாசலுக்கு வெளியே வந்து சேர்ந்தோம். நல்லவேளையாக அவர்கள் வாசற்படியைத் தாண்டுவதில்லை. கொஞ்சநேரம் முறைத்துவிட்டுப் போய்ப் பழையபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்னும் இரண்டு முறை முயன்றோம். இரண்டு முறையும் அதே கதை. நாலாவது முறைக்குக் கௌரியின் கேடயத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது.

1.05. டில்லிபாபு மடை மாற்றப் போனார். அவர் உருவம் வாசலில் நின்றது, நானும் கௌரியும் இருபுறமும் காவல் நின்றோம். நான் இட்லியைத் தின்றேன். “பேஜாராய்ச்சு க்கா. எட்டு பேருக்கு எங்க போறது?” என்றார் கௌரி. நஸ்ரின் பக்கத்திலிருந்து பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியாததால் எலிப்பொறி போல இருந்த அந்தக் கோட்டையைக் கட்டிய கம்ப்யூட்டர்காரர்களைத் திட்டினேன்.

1.30. வரப்பிலிருந்து மூச்சு வாங்கத் திரும்பி வந்த டில்லிபாபு, “இந்த தபா நா முன்னாடி போறேன்” என்றார். சரி என்றோம். ஆனால் அவர் உருவம் வாசற்படியில் குனிந்து நின்றுகொண்டே இருந்தது.

“யோவ், இன்னா பண்ணிக்கினு கீற?” என்றார் கௌரி.

“பூட்ஸ கயட்டிக்கினு கீறேன்.”

“அறிவு கீதா ஒனக்கு? அந்த பூட்ஸு இல்லன்னா அந்தத் தரையில கால் வெக்க முடியுமா?”

“இன்னாமே நீ, உள்ள சமாதி கீது. வெளக்கு வேற எரியுது. நாம பாட்டுக்குச் செருப்போட பூந்து பூந்து வெளிய வர்றோம். வயல்ல மண்ணு கால கயுவிக்கினு நிக்கசொல்லதான் எனக்கே தோணிச்சி. தப்பில்லியா?”

கௌரி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஹெட்செட்டில் கேட்டது. நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, தர்கா வாசலில் செருப்பைக் கழற்றுகிற என் காலும் அந்தக் கூடத்தில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் என்று தெரியும், பொம்மை என்று தெரியும், பிறவிப் பழக்கம் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. டில்லிபாபு வெறுங்காலோடு உள்ளே போனார். ஒரு தப்படி, இரண்டு தப்படி, ஐந்து. ஒரு தலைகூட நிமிரவில்லை.

ஏழாவது தப்படியில் அவர் நின்றார். “க்கா, உயிர் எறங்கிக்கினே கீது, கல்லு குத்துது. ஆனா இவனுங்க எய்ந்துக்கல” என்றார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. காவலர்கள் ஆளைப் பார்த்து எழுவதில்லை, காலடிச் சத்தத்தைக் கேட்டு எழுகிறார்கள். உலகம் முழுக்க இத்தனை பேர் எட்டெட்டுப் பேராகப் பூட்ஸோடு புகுந்து வெட்டுப்பட்டிருக்கிறார்கள். கோட்டை கேட்டதெல்லாம் செருப்பை வெளியே விடு என்பதுதான்.

1.50. டில்லிபாபு வந்த வழியே மெல்ல வாசலுக்குத் திரும்பிவிட்டார். குப்பி என் கையில் இருப்பதால் நான்தான் போயாகவேண்டும். பூட்ஸைக் கழற்றி டில்லிபாபுவின் பூட்ஸ் பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன். கணக்குப் போட்டால் வெறுங்காலில் ஒரு தப்படிக்கு இவ்வளவு என்று உயிர் குறைகிறது, என் உயிர் பதினைந்து தப்படி தாங்கும். சிலை இருப்பது இருபத்தைந்தாவது தப்படியில். டில்லிபாபு உயிர் ஏற்ற மந்திரம் சொன்னால் மணியோசை கேட்டு எல்லாரும் எழுந்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ரொட்டி. அந்த ஆட்டத்தில் நின்றுகொண்டு தின்ன முடியாது, சம்மணம் போட்டு உட்கார்ந்து மெதுவாகத்தான் மெல்லவேண்டும்.

ஆகவே பத்துத் தப்படி நடப்பது, உட்காருவது, ரொட்டி தின்பது, எழுந்து நடப்பது என்று என் யாத்திரை நடந்தது. பன்னிரண்டு பேய்களுக்கு நடுவில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து ரொட்டி தின்றவள் இந்தச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். வலது பக்கத்து மூன்றாவது பேய்க்குத் தாடிகூட இருந்தது, அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். ஒருமுறை உட்காருகிற பொத்தானுக்குப் பதில் குதிக்கிற பொத்தானில் விரல் போய் நூலிழையில் தப்பியது. வியர்வையில் மவுஸ் வழுக்கியது. கடையில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2.20. சிலைக்கு முன்னால் போய் நின்றேன். பத்து ரொட்டியில் நாலு மிச்சம். குப்பியைத் திறப்பதற்கு முன் எல்லாரும் ஒன்றைச் சேர்ந்து யோசித்தோம். நஸ்ரின் காலில் பூட்ஸ் இருக்கிறது. எழுந்ததும் ஓரடி வைத்தால் போதும், முடிந்தது கதை.

“நஸ்ரின், நல்லா கேளு. எய்ந்ததும் அசையாத. மொதல்ல பூட்ஸ கயட்டு. அப்பால என் பின்னாடியே வா. ஓடாத. குதிக்காத.”

“நா எப்பக்கா குதிச்சேன்?”

சின்ன வயசிலிருந்து அவள் நடந்து நான் பார்த்ததில்லை. குப்பியைக் கவிழ்த்தேன். சாம்பல் நிறம் தலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து, சிவப்பு மேலாடையும் நீளச் சடையுமாக என் தங்கை நின்றாள். ஹெட்செட்டில் ஒரு விசும்பல் கேட்டது. “வந்துட்டேன் க்கா” என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் அவள் என்ன செய்தாள் என்று சொல்லவும் வேண்டுமா? பூட்ஸோடு ஒரு குதி குதித்தாள்.

பன்னிரண்டு தலையும் நிமிர்ந்தன.

“ஓடுங்க!” என்று டில்லிபாபு கத்தினார். இனி மறைக்க என்ன இருக்கிறது, மந்திரத்தை முழுச் சத்தத்தில் ஆரம்பித்தார். நாங்கள் ஓடத் தொடங்கியபோது வாசல் பக்கத்திலிருந்து தடதடவென்று பேரிரைச்சல் கேட்டது. கௌரி. உடைந்த கேடயத்தோடு உள்ளே புகுந்து, சுவரோரமாக எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இரும்பு பூட்ஸால் தரையை மிதிமிதி என்று மிதித்துக்கொண்டிருந்தார். “வாங்கடா! இங்க வாங்கடா, சோமாறிங்களா!” பேய்களுக்குத் தமிழ் புரிந்திருக்காது, பூட்ஸ் சத்தம் புரிந்தது. அத்தனையும் அவர் பக்கம் திரும்பின. நாங்கள் இருவரும் வாசற்படியைத் தாண்டி விழுந்தோம். கௌரி கடைசியாக வந்தார். உயிர் ஒரு விரற்கடை மிச்சம், கேடயம் அங்கேயே கிடந்தது.

கோட்டைக்கு வெளியே வெயிலில் வந்து நின்றபோது என் கடைக் கடிகாரத்தில் மணி 2.55. மூன்று மணி அடிக்கிறவரை எல்லாரும் நஸ்ரினையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றும் ஆயிற்று, மூன்று ஒன்றும் ஆயிற்று. சிவப்பு மேலாடை அப்படியே இருந்தது. டில்லிபாபு, “பூட்ஸ கோட்டக்குள்ளயே வுட்டுட்டு வந்துட்டோம் க்கா” என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மோட்டார் சத்தமே கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ள, நானும் நஸ்ரினும் பாலத்தின்மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். நான் வெறுங்கால், அவள் பூட்ஸ். நாலு வருஷத்துக்கு முன் அவளைச் சென்னை விமான நிலையத்தில் வழியனுப்பியது நினைவுக்கு வந்தது. டிக்கெட் இருப்பவர்கள்தான் உள்ளே போகலாம் என்று கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே என்னை நிறுத்திவிட்டார்கள். டிராலியைத் தள்ளிக்கொண்டு அவள் போவதைக் கூட்டத்துக்கு நடுவே எக்கி எக்கிப் பார்த்தேன், ஒரு தூண் மறைத்தது, அதன்பிறகு தெரியவில்லை. அன்றைக்கு உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடவேண்டும் என்று வெறியாக இருந்தது. முடியவில்லை. இன்றைக்கு ஒரு வாசல் வழியாக உள்ளே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். இதை அவளிடமும் சொன்னேன்.

“அந்தத் தூணுக்குப் பின்னாடி நா அர மணி நேரம் நின்னுக்கினு இருந்தேன் க்கா” என்றாள். “உன்ன பாத்தா போவ மாட்டேன்னு தெரியும்.”

என் வீராங்கனையை நகர்த்தி அவள் பக்கத்தில் இன்னும் நெருக்கி உட்கார வைத்தேன்.

3.50. அவளுக்கு யூனிபார்ம் இஸ்திரி போடவேண்டும், மறுநாள் ஆறு மணி ஷிப்டு. எனக்கும் ஷட்டரைத் திறக்கவேண்டும். “நீ மொதல்ல போ, நா பாத்துட்டுப் போறேன்” என்றேன். “நீ போ க்கா, இன்னிக்கி நா வயியனுப்பறேன்” என்றாள். நீ போ, நீ போ என்று ஐந்து நிமிஷம் ஓடியது.

“ஐய, ரெண்டு பேரும் ஒண்ணாவே கெளம்புங்க. எனக்கு ஒரு வாரத் துணி தோய்க்கணும். நா மூணு எண்றேன்” என்றார் கௌரி.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நான் வெளியேறும் பொத்தானை அழுத்தவில்லை. திரையைப் பார்த்தேன். அவளும் அழுத்தவில்லை.